நரை என்னும் தூதன்

உழவையும் எழுத்தையும் கைத்தொழிலையும் மாந்தர்க்குக் கற்பித்து, பின்னர் அவை அனைத்தையும் துறந்து காட்டிய ஆதிநாத பகவானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன்.



சென்ற தசலட்சண பர்வத்தின் மூன்றாம் நாள், உத்தம ஆர்ஜவத்திற்குரிய தினம். நீலகிரியில் பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் வந்து தங்கிவிட்ட நம்மவர் குடும்பங்கள் சில, குன்னூரில் ஓர் இல்லத்தில் கூடியிருந்தோம். வெளியே மழையும் மஞ்சும். பூசை முடிந்து, ஆர்ஜவம் என்னும் நேர்மைக் குணம் பற்றி நான் பேசுவதாக இருந்தது. அடியேன் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே குறிப்பெழுதிக்கொண்டுதான் சென்றேன். ஆனால் நான் வாய் திறக்குமுன், நாற்பதை எட்டிய ஓர் அன்பர் எழுந்து, "சார், தலைக்கு டை அடித்துக்கொள்வது பாவமா? என் மனைவி அடி என்கிறாள், என் தகப்பனார் வேண்டாம் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

பெண்கள் பகுதியில் சிரிப்பு எழுந்தது. ஆடவர் சிலர் தம்மையறியாமல் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டனர். அன்று நான் கூறியதை எழுத்தில் தருமாறு சிலர் கேட்டதற்கிணங்க, சிறிது விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்கேள்வி அற்பமானதன்று. நம் புராணங்கள் ஒற்றை நரைமயிரைப் பற்றி எத்தனை கருத்துடன் பேசுகின்றன என்று அறிந்தோர்க்கு இது விளங்கும்.

ஆதிபுராணத்தை ஜினசேனாசாரியார் முற்றுப்பெறச் செய்யாமல் விட, அவர் மாணாக்கர் குணபத்திரர் நிறைவு செய்தார். அந்நூலின் இறுதியில் பரத சக்கரவர்த்தியின் துறவு வருகிறது. ஆறு கண்டங்களை வென்றவர், நவநிதிகளுக்கு உரியவர், ஒருநாள் கண்ணாடியில் தம் முகத்தை நோக்குகிறார். தலையில் ஒரு மயிர் வெளுத்திருக்கிறது. அதைத் தம் தந்தையாகிய ரிஷபதேவரிடமிருந்து வந்த தூதனாகவே அவர் கொள்கிறார். நாட்டை மகன் அர்க்ககீர்த்தியிடம் ஒப்படைத்து, துறவு ஏற்று, மிகக் குறுகிய பொழுதில் கேவலஞானமும் எய்துகிறார். சுவேதாம்பரச் சகோதரர்கள் இவ்வரலாற்றைச் சிறிது வேறாகக் கூறுவர். கண்ணாடி மண்டபத்தில் அணிகலன் பூண்டு நின்றபோது விரலிலிருந்து மோதிரம் நழுவி விழ, வெறும் விரலைக் கண்டு உண்மை உணர்ந்தார் என்பது அவர்கள் மரபு. உதகையிலும் குன்னூரிலும் அவர்கள் நம் அண்டை வீட்டார். இவ்விரு கதைகளையும் பண்டிகை நாளில் பரிமாறிக்கொண்டு மகிழ்வதுண்டு. இரண்டிலும் கண்ணாடி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அவர்களுடைய மரபில் இன்னொரு கதையும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திராசாரியார் தம் பரிசிஷ்ட பர்வத்தில் எழுதியது. சோமசந்திரன் என்னும் அரசன். அவன் கூந்தலை அரசி கோதிவிடுகிறாள். "தூதன் வந்துவிட்டான்" என்கிறாள். அரசன் வாயிற்பக்கம் நோக்குகிறான், எவரையும் காணவில்லை. அரசி நரைமயிரைக் காட்டுகிறாள். அரசன் முகம் வாடுகிறது. முதுமைக்கு வெட்கப்படுகிறான் என்றெண்ணிய அரசி, அவனைக் கிழவன் என்று எவரும் சொல்லலாகாது எனப் பறையறைவித்து விடலாம் என்று விளையாட்டாகக் கூறுகிறாள். அரசனோ, நரைக்கு நான் நாணவில்லை, என் முன்னோர் நரை தோன்றுமுன்பே துறந்தார்களே, நான் காலம் தாழ்த்திவிட்டேனே என்பதற்கே நாணுகிறேன் என்கிறான்.

அந்தப் பறையைப் பற்றி நான் பலமுறை நினைத்ததுண்டு. ஊரார் வாயை அடைக்க அரசி பறை அறைவிக்க நினைத்தாள். இன்று நாம் சில ரூபாய்க்கு ஒரு சிறு பொட்டலம் வாங்கிக் கிண்ணத்தில் கரைத்து அதே காரியத்தைச் செய்துகொள்கிறோம்.

ஆயினும், இக்கதைகளைக் காட்டி, "ஆகவே சாயம் பூசுவது பாவம்" என்று முடித்துவிட்டால் அது சொற்பொழிவாளனின் சோம்பல். பரதனும் சோமசந்திரனும் நரை கண்டவுடன் துறந்தவர்கள். நாம் நரை கண்டும் துறக்கப்போவதில்லை. மறுநாள் காலையில் வேலைக்குச் செல்ல வேண்டும். மகளுக்கு வரன் பார்க்க வேண்டும். சிராவகனின் கேள்விக்குச் சிராவகனின் வாழ்விலிருந்தே விடை காண வேண்டும். எனவே, எனக்குத் தெரிந்த ஒருவரின் செய்தியைச் சொல்கிறேன். அவர் இசைவு பெற்றே சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அவர் நம் வடபகுதி ஊர்களுள் ஒன்றில் பிறந்து, இளமையிலேயே நீலகிரிக்கு வந்து, தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பல்லாண்டு உழைத்தவர். வாடவைக்கும் தொட்டி முதல் சலித்து மூட்டை கட்டுவது வரை அனைத்தும் அறிந்தவர். ஐம்பத்தெட்டில் ஓய்வு. மகன் படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடன் தீரவில்லை. சிறு விவசாயிகளிடமிருந்து பசுந்தேயிலையை விலைக்கு வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வைக்கு ஆள் தேவை என்று அறிந்தார். இளையவராக இருந்தால் நல்லது, இரவுப் பணியும் உண்டு என்று சொல்லக் கேட்டார். முந்தின நாள் இரவு முதன்முதலாகத் தலைக்குச் சாயம் பூசினார்.

தொழிற்சாலை உரிமையாளர், "ஐம்பது இருக்குமா உங்களுக்கு?" என்று கேட்டாராம். இவர் சிரித்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்தது.

அந்தத் தொழிற்சாலையில் அவருக்கிருந்த பொறுப்புகளுள் ஒன்று, கலப்படம் நுழையாமல் பார்ப்பது. நீலகிரியில் வாழ்வோர் அனைவரும் அறிந்த செய்தி இது. கழிவுத் தேயிலைக்குச் சாயமேற்றி நல்ல தூளோடு கலப்போர் இருக்கின்றனர். அதிகாரிகள் அவ்வப்போது பிடிக்கின்றனர். இதைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. வடிதாளை நீரில் நனைத்து விரித்து, அதன்மேல் சிறிது தூளைத் தூவினால், சாயமேற்றிய தூள் சற்று நேரத்தில் நிறத்தைக் கசியவிடும். நல்ல தூள் குளிர்ந்த நீரில் அவ்வளவு விரைவாக நிறம் விடாது. நம் அன்பர் இச்சோதனையை வீட்டிலும் செய்து காட்டுவார். அவருடைய பேத்திக்கு ஏழு வயது. அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

ஒரு ஞாயிறு. சாயம் பூசிக் கழுவிய தலை ஈரமாக இருந்தது. பேத்தி நனைத்த தாளைக் கொண்டுவந்து தாத்தாவின் நெற்றி ஓரத்தில் வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்து, "தாத்தா, உங்களிலேயும் கலப்படம்!" என்று கைகொட்டிச் சிரித்தாள். வீட்டார் எல்லோரும் சிரித்தனர். அவரும் சிரித்தார். இரவு உறங்கவில்லை என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

என்னிடம் வந்தபோது அவர் கேட்டது இதுதான்: "ஐயா, நான் செய்வது பிரதிரூபக வியவகாரமா?"

அவர் நூல் பயின்றவர். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியார் அசௌரிய அணுவிரதத்திற்கு, அதாவது களவு செய்யாமை என்னும் விரதத்திற்கு, ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் ஐந்தாவது பிரதிரூபக வியவகாரம்: போலியை மெய்யென்று காட்டி வணிகம் செய்தல். பாலில் நீர் கலப்பது, பொன்னில் செம்பு கலப்பது, தேயிலையில் சாயம் கலப்பது எல்லாம் அதனுள் அடங்கும். தம் தலையே ஒரு சரக்காகவும், தாமே அதன் வணிகராகவும் ஆகிவிட்டோமோ என்பது அவர் ஐயம்.

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே மெய். சில நாட்கள் எண்ணிப் பார்த்தபின், எனக்குத் தோன்றியவற்றை அவரிடம் கூறினேன். அவற்றையே அன்று சபையிலும் கூறினேன்.

முதலாவது, மயிரின் இயல்பு. கறுத்த மயிர் வெளுப்பதாக நாம் சொல்கிறோம், அது சரியன்று. மயிர்க்காலில் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கும் அணுக்கள் உள்ளன. அவற்றை ஈன்று தரும் மூல அணுக்களின் இருப்பு குறையக் குறைய, புதிதாக முளைக்கும் மயிர் நிறமின்றியே முளைக்கிறது. முளைத்த மயிர் மாறுவதில்லை. அடுத்து வருவது வேறாக வருகிறது. கவலையால் நரை வரும் என்று பாட்டிமார் சொன்னதில் உண்மை உண்டு என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் காட்டினர். கடும் அச்சமும் வேதனையும் நரம்புகளைத் தூண்ட, அவை வெளிவிடும் நோரட்ரினலின் என்னும் பொருளால் அம்மூல அணுக்கள் தீர்ந்துபோகின்றன என்பது அவர்கள் கண்டது. எலிகளை வருத்தி அறிந்த அறிவு அது. அதைச் சொல்லும்போதே நம் நா சற்றுத் தயங்க வேண்டும்.

சமண நூல் இதனை நாமகர்மம் என்கிறது. உடலின் வடிவு, நிறம், மணம், சுவை, ஊறு யாவும் அதன் வினைப்பயன். வண்ணம் என்பது நாமகர்மத்தின் உட்பிரிவுகளுள் ஒன்று. கறுப்பும் வெளுப்பும் அதில் அடக்கம். ஆன்மாவுக்கு இரண்டுமில்லை. பன்னிரு அநுப்பிரேட்சைகளுள் அன்னியத்துவம் என்று நாம் நாள்தோறும் சிந்திப்பது இதைத்தான். கறுத்த மயிர் 'நான்' அன்று என்றால், வெளுத்த மயிரும் 'நான்' அன்று.

ஆகவே நரையைச் சுமந்து திரிவதாலேயே ஒருவன் அறவோன் ஆகிவிடமாட்டான். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டகத்தில் எண்ணிச் சொல்லும் எட்டு மதங்களுள் உடலைப் பற்றிய செருக்கும் ஒன்று. நரைத்த தலை அழகு என்று இப்பொழுது ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. நடிகர் அஜித் குமார் 2011இல் வெளியான 'மங்காத்தா' படத்தில் நரைத்த தலையுடன் தோன்றியபின், இளைஞர்களே அதை விரும்பிக் கேட்பதாக முடிதிருத்தும் நிலையத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். ரஜினிகாந்த் அவர்கள் திரையில் கருந்தலையோடு வந்தாலும் பொதுமேடையில் நரைத்த தலையுடனேயே வருவது எல்லோரும் அறிந்தது. வேடம் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் கண்ணாடிமுன் நின்று, "என் நரை எத்துணைக் கம்பீரம்" என்று மகிழ்வதும், "என் கருமை எத்துணை இளமை" என்று மகிழ்வதும் ஒரே மதம். துறவு மயிரை மழிப்பதிலோ வளர்ப்பதிலோ இல்லை என்று குறளாசிரியர் கூடாவொழுக்கத்தில் உணர்த்தியதை இங்கும் பொருத்திக்கொள்ளலாம்.

நரை பூண்ட இளைஞன் ஒருவனும் நம் இலக்கியத்தில் உண்டு. பழமொழி நானூறு இயற்றிய முன்றுறை அரையனார் நம் சமயத்தவர். அவர் சுட்டும் செய்தி இது. வழக்குரைக்க வந்த முதியோர், சோழன் இளையவன், இவனுக்கு என்ன முறை தெரியும் என்று ஐயுற்றனர். மன்னன் நரைமுடி புனைந்து வந்து அமர்ந்து, அவர்கள் மகிழத் தீர்ப்புரைத்தான். அச்சோழன் கரிகாலன் என்பர். அவன் செய்ததும் வேடந்தானே? ஆயினும் அதைப் பொய் என்று எவரும் பழித்ததில்லை. வேடத்தால் அவன் தனக்கு ஒன்றும் பெற்றுக்கொள்ளவில்லை. வழக்காடியோர்க்கு முறை கிடைத்தது. சீவகசிந்தாமணியில் சீவகன் முதிய அந்தணனாக வேடமிட்டுச் சுரமஞ்சரியின் மாளிகைக்குள் புகுந்ததோ வேறு கதை. அதைத் திருத்தக்கதேவர் நகைச்சுவையோடு பாடியிருப்பதால் நாமும் நகைத்துவிட்டு மேலே செல்லலாம்.

இரண்டாவது, மனக்கருத்து. சாயத்தைப் பற்றி நான் எண்ணியதில் எனக்குத் தெளிவானது இவ்விடமே. ஆர்ஜவத்திற்குப் பகை மாயை. மனம் ஒன்று, சொல் ஒன்று, செயல் ஒன்று என வளைவதே அது. அவ்வளைவும் பிறரை மயங்கச் செய்வதும் தீய நாமகர்மத்துக்கு வாயில் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். இதை நன்றாக நோக்குங்கள். உடலை அழகாகக் காட்டுவதற்காகச் செய்யும் வஞ்சனை, அடுத்த உடலை அழகற்றதாக ஆக்கும் வினையையே கட்டுகிறது! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஆசாரியார் நம்மைப் பார்த்து மெல்லச் சிரிப்பதுபோல் தோன்றும்.

ஆனால் தலையில் சாயம் பூசிய ஒவ்வொருவரும் வஞ்சகரா? அல்லர். ஊரறிய, வீடறிய, வயது இன்னதென்று கேட்டால் தயங்காமல் சொல்லும் ஒருவர், பழக்கத்தால் சாயம் பூசுகிறார் என்றால், அதில் இருப்பது சிறு பற்று, மாயை இல்லை. அவரைப் பழித்துப் பேசுவோர்க்கே அதிக வினை. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில், மாப்பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டு, அச்சொல்லுக்குத் துணையாகச் சாயம் பூசி அமர்த்தினால், அது வேறு. அங்கே ஒரு பெண்ணின் வாழ்வு பேரம் பேசப்படுகிறது. அதைப் பிரதிரூபக வியவகாரம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். நம் சிறிய சமூகத்தில் இது நடந்ததில்லை என்று எவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டாம்.

நம் அன்பரின் நிலை இவ்விரண்டுக்கும் நடுவில். பிழைப்புக்காகச் செய்தார். இம்சையை நம் ஆசாரியர்கள் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காக வகுத்தனர். வேண்டுமென்றே செய்வதைச் சிராவகன் அறவே விட வேண்டும். தொழிலில் தவிர்க்கவியலாது நேர்வதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பகுப்பு இம்சைக்கே உரியது, பொய்க்கு அன்று என்பதை அறிவேன். என்றாலும் அதன் கருணை நமக்கு வழிகாட்டும் என்று எண்ணுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் கடனோடு வேலை தேடும் ஒருவனின் தலையில் உள்ள சாயத்தை, திருமண மண்டபத்தில் மினுக்கித் திரிபவன் தலைச்சாயத்தோடு ஒன்றாக எடையிடலாகாது. நரைத்தவனுக்கு வேலை கொடுக்கத் தயங்கும் உலகமும் அச்சாயத்தில் பங்குடையது.

எனவே நான் அவரிடம் சொன்னேன்: "உங்கள் பிழை தலையில் இல்லை. அவர் ஐம்பதா என்று கேட்டபோது சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பில் இருக்கிறது."

இந்த இடத்தில் சபையில் ஒருவர், "பேசாமல் இருந்தது பொய்யாகுமா?" என்று கேட்டார். பேசாமையால் ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வார் என்று அறிந்தே, அதனால் பயனும் பெற்றால், அது சத்திய அணுவிரதத்தைத் தொடும் என்பதே என் கருத்து. மௌனம் முனிவர்க்கு அணி. விலை பேசும் இடத்தில் அது சில வேளை சரக்கின்மேல் போர்த்திய சாக்கு.

மூன்றாவது, சாயத்தின் உள்ளே இருப்பது. இதை நம் இல்லத்தரசியர் கவனிக்க வேண்டும். கடையில் விற்கும் கருஞ்சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா-பினைலின்டையமின் என்னும் இரசாயனம் உள்ளது. ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து அது மயிரினுள் கருநிறப் பொருளாகத் திரண்டு தங்கிவிடுகிறது. மயிரோ திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே அடியில் வெள்ளை எட்டிப் பார்க்க, மீண்டும் பூச வேண்டும். சிலர்க்கு இப்பொருள் ஒவ்வாது. பல ஆண்டு பூசியும் ஒன்றும் நேராதவர்க்கு ஒருநாள் திடீரென நெற்றி தடித்து, கண்ணிமை வீங்கும். பூசுமுன் காதின் பின்புறம் சிறிது தடவி நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று பொட்டலத்திலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பர். அதைப் படிக்கக் கண்ணாடி தேடும் வயதில்தான் நாம் அதை வாங்குகிறோம். மூலிகைச் சாயம் என்ற பெயரை நம்பிவிடவும் வேண்டாம். மருதாணி இலையின் இயல்பான நிறம் செம்மஞ்சள். மருதாணி என்று சொல்லி விரைவில் கன்னங்கரேலென ஆக்குமானால், அதில் வேறொன்று கலந்திருக்கிறது என்று பொருள். மருதாணியோடு அவுரி இலைப்பொடி சேர்த்துப் பொறுமையாகக் கறுப்பாக்கும் பழைய முறை வேறு.

அகிம்சை நோக்கிலும் ஒரு செய்தி. அழகுப் பொருள்களின் தீமையை அறிய முயலின் கண்ணில் அவற்றை இட்டுப் பார்க்கும் சோதனை 1944ஆம் ஆண்டு முதல் வழக்கில் வந்தது. கட்டுண்ட முயல்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இயலாமல் தவித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் விலங்குகளிடம் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை முழுவதும் தடுத்தது. நம் பாரத நாடு 2014இல் அத்தகைய சோதனையையும், அவ்வாறு சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் தடைசெய்தது. மகிழ வேண்டிய செய்தி. ஆயினும் பழைய இரசாயனங்கள் பலவற்றின் பின்னே அம்முயல்களின் கண்ணீர் இருக்கிறது என்பதைச் சிராவகன் மறத்தல் ஆகாது.

இவ்விடத்தில் என் தலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்; இல்லையேல் ஆர்ஜவ தினத்தில் பேசத் தகுதி இல்லை. நானும் பதினோராண்டு சாயம் பூசியவன். பொன்னூர் மலையடிவாரத்தில், குந்தகுந்தாசாரியாரின் திருவடிகளை வணங்கச் சென்றிருந்தபோது, அங்கே எழுந்தருளியிருந்த ஒரு முனிவரின் கேசலோசத்தைக் காணும் பேறு கிடைத்தது. இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஒன்று அது. இரண்டு முதல் நான்கு திங்களுக்குள் ஒருமுறை, அன்று உண்ணாநோன்பிருந்து, கத்தியோ கத்தரியோ இன்றிக் கையாலேயே தலைமயிரையும் தாடியையும் களைவர். சாம்பலைத் தொட்டுத் தொட்டு அவர் களைந்த மயிரில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. எது எந்த நிறம் என்று அவர் பார்க்கவே இல்லை. இரண்டும் ஒரே வேகத்தில் கீழே விழுந்தன. நான் முதல் நாள்தான் சாயம் பூசிச் சென்றிருந்தேன். வெயிலில் வியர்வை வழிய, வெள்ளைத் துண்டால் நெற்றியைத் துடைத்தேன். துண்டில் கரிய கறை. அதை மடித்து மடியில் மறைத்துக்கொண்டேன். அருகிலிருந்தவர் பார்த்தாரோ இல்லையோ, அறியேன். அதன்பின் நான் பூசவில்லை. அதைத் துறவு என்று பெருமை பேச எனக்குத் தகுதியில்லை; கறைத் துண்டுக்கு நாணினேன், அவ்வளவுதான்.

மலைநாட்டில் வாழ்வதால் எனக்கு ஓர் உதவி கிடைத்தது. இங்குள்ள படகர் இனத்தவர் பெரியோரைக் கண்டால் குனிந்து தலையைத் தாழ்த்துவர். பெரியவர் அத்தலைமேல் கைவைத்து நீண்ட வாழ்த்துச் சொல்வார். அவர்கள் வழிபடும் ஹெத்தையம்மன் என்னும் பெயரிலேயே பாட்டி என்னும் பொருள் இருக்கிறது. ஹெத்தை விழாவில் வெண்ணிற ஆடையுடன் அவர்கள் சாரிசாரியாகச் செல்வதைக் காணும்போது, முதுமை இங்கே ஒளித்து வைக்க வேண்டிய பொருளன்று என்று தோன்றும். நான் நரையை விட்டபின், என் பழைய படக மாணவன் ஒருவன் கடைவீதியிலேயே குனிந்து நின்றான். கைவைத்து வாழ்த்தத் தெரியாமல் சற்று விழித்தேன்.

நீலகிரிக்கும் நம் சமயத்துக்கும் பழைய தொடர்பு உண்டு என்று இளைஞர்க்குச் சொல்வது என் வழக்கம். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன் சமண சமயத்தவன். சாமராஜநகரத்துப் பார்சுவநாத பசதியில் உள்ள 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவன் தோடரை அஞ்சச் செய்து நீலமலையைக் கொண்டதைப் பேசுகிறது. படைநடத்தி மலையைக் கொண்டவன் ஜினாலயமும் எடுத்தான். அக்காலத்து மனிதனின் முரண்பாடு அது. நம் முரண்பாடு ஒரு பொட்டல அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாமோ என்னவோ.

தேயிலைத் தோட்டத்தையும் பாருங்கள். இடுப்புயரம் நிற்கும் அச்செடி, விட்டால் மரமாக வளரும் இயல்புடையது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, தளிர் மட்டுமே தெரியும்படி வைத்திருக்கிறோம். மேலே பார்த்தால் பசுந்தளிர். கிளையை விலக்கிப் பார்த்தால் நூறாண்டு முதிர்ந்த, பாசி படர்ந்த, முறுக்கேறிய அடிமரம். தளிரைக் காட்டி அடிமரத்தை மறைப்பதாக அச்செடி எண்ணுவதில்லை. மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளிமேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் கரைந்துவிடும். நம் தலைமேல் விழும் பனி மட்டும் வெயிலுக்குக் கரைவதில்லை.

நரையே வராதவரைப் பற்றியும் ஒருவர் கேட்டார். புறநானூற்றில் பிசிராந்தையார் இருக்கிறார். ஆண்டு பல ஆகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டோர்க்கு, மனைவி மக்கள் நிறைவுடையர், ஏவலர் குறிப்பறிந்தோர், மன்னன் முறை தவறாதவன், ஊரில் அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் உளர் என்று விடை சொன்னார். கவலையற்ற வாழ்வே கருமைக்குக் காரணம் என்றார். மேலே சொன்ன ஆய்வு இன்று அதையே வேறு மொழியில் சொல்கிறது. ஆனால் அவர் வாழ்வின் முடிவை நாம் மறந்துவிடுகிறோம். நேரில் கண்டிராத நண்பன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் தாமும் வந்து அருகமர்ந்து உயிர் நீத்தார். நம் சல்லேகனையை ஒத்த அந்நோன்பில் நரையற்ற தலையோடு அமர்ந்தவர் அவர். தூதன் வராமலே ஓலையைப் படித்துவிட்டார் போலும். நரை வருமுன் அதை எண்ணிப் பார்க்குமாறு நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரம் நம்மைத் தூண்டுவதும் இதற்காகவே.

இனி அந்த அன்பர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தசலட்சணம் முடிந்து க்ஷமாவாணி நாளன்று, வழக்கப்படி எல்லோரிடமும் பிழை பொறுக்க வேண்டிக்கொண்டபின், தொழிற்சாலைக்குச் சென்று உரிமையாளரிடம் தம் வயது அறுபதை நெருங்குகிறது என்று சொன்னார். அவர் நம் சமயத்தவர் அல்லர். கேட்டுவிட்டு, "முதல் நாளே தெரியும். உங்கள் புருவம் வெளுத்திருந்ததே" என்றாராம். நம்மவருக்கு இது நினைவே வரவில்லை. தலைக்குப் பூசியவர் புருவத்தை விட்டுவிட்டார்!

ஆனால் கதை அத்தோடு இனிமையாக முடிந்துவிடவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் இரவுப் பணிக்கு ஓர் இளைஞரை அமர்த்தினர். இவருக்கு வாரம் மூன்று நாள் வேலை, பாதிச் சம்பளம். மெய்யைச் சொன்னதால் நேர்ந்ததா, எப்படியும் நேர்ந்திருக்குமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. வங்கிக் கடனின் தவணையை நீட்டிக்க மகன் அலைந்தான். அவருடைய மனைவி என்னிடம் ஒருமுறை, "உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி" என்று முகத்துக்கு நேரே சொன்னார். நான் க்ஷமை கேட்டேன். அவர் இன்னும் முழுவதும் பொறுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சபையில் கேட்ட நாற்பது வயது அன்பர் அன்றிரவு விடைபெறும்போது, "அப்படியானால் பூசலாமா, கூடாதா?" என்று மீண்டும் கேட்டார். "உங்கள் வயதை எங்கே, யாரிடம் சொல்லத் தயங்குகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், எழுதிய தாளை உங்கள் மனைவியிடமும் தகப்பனாரிடமும் காட்டுங்கள்" என்றேன். இரு வாரம் கழித்துக் கண்டேன். பூசவில்லை. காரணம் கேட்டேன். "தாளில் ஒரே பெயர்தான் வந்தது, சார். என் பெயர்" என்றார்.

மற்றவருக்கோ இப்போது தலை முழுதும் வெள்ளை. நடுவில் சில மாதங்கள் அடி வெள்ளையும் நுனி கறுப்புமாக இருந்தபோது பேத்தி பள்ளித் தோழியரை அழைத்துவந்து காட்டினாளாம். கடந்த தைத்திங்களில் தம் தொழிற்சாலைத் தூள் அரைக்கிலோ எனக்குக் கொடுத்தனுப்பினார். பொட்டலத்தைப் பிரித்தவுடன், பழக்கதோஷம், வடிதாளை நனைத்து ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தேன். நிறம் கசியவில்லை. பிறகு கொதிநீரில் இட்டேன். நல்ல செந்நிறத்தில் இறங்கியது.